கன்னையா மைக்கை நிறுத்திய நாலு நிமிஷம்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் நடந்த கோயில் திருவிழாவோ கல்யாணமோ தொழிற்சங்கக் கூட்டமோ கருமக்கிரியையோ, எதுவானாலும் அதன் சத்தம் பெரும்பாலும் கன்னையாவின் லோரியிலிருந்துதான் வந்தது. நாலு குழாய் ஒலிபெருக்கி, இரண்டு பெட்டி ஸ்பீக்கர், ஓர் ஆம்ப்ளிஃபயர், மூன்று மைக். மைக்குகளில் ஒன்று நடுநடுவே இருமும். அதை அவர் பேச்சாளர்களுக்குக் கொடுப்பார்.

காப்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போக வேண்டும், பஸ் கிடையாது. அதனால் படிப்பு அங்கேயே நின்றது. பதினான்கு வயதில் ஒரு சீனருடைய ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்ந்து, அங்கே பன்னிரண்டு வருஷம் வால்வுகளையும் கம்பிகளையும் பார்த்தார். பிறகு பண்டமாரானில் வீடு எடுத்து, சீதாலெட்சுமியைக் கட்டி, சொந்தமாக மைக் செட் போட்டார். லோரி ஓட்டுவது சீதாலெட்சுமியின் தம்பி தம்புசாமி. கன்னையாவுக்கு லோரி ஓட்டத் தெரியும். ஆனால் ஓட்டும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாலையை மறந்துவிடுவார் என்பதால் மச்சானிடம் விட்டிருந்தார்.

மேடையில் யார் என்ன பேசினாலும் கன்னையா அதைக் காதில் வாங்குவதில்லை. சத்தம் பிசிறுகிறதா, மைக் கீச்சிடுகிறதா என்பதை மட்டும் கேட்பார். தேர்தல் காலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு எதிரெதிர்க் கட்சிகளுக்கும் மைக் போட்டிருக்கிறார். யார் பேசியது நன்றாக இருந்தது என்று கேட்டால், இரண்டாவது ஆள் மைக்கை வாயில் வைத்துக் கடிக்கிறார் என்பார்.

பாட்டு அப்படியில்லை. பாட்டைக் கேட்பார். அதிலும் கனகசபையைக் கேட்பார்.

கனகசபை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம். அவரும் ஓர் இலாகாவில் தலைமை கிளார்க். வாரக் கடைசியில் கோயில்களில் பாடுவார், வானொலியிலும் அவர் பாட்டு வரும். எழுபத்து மூன்றில் கன்னையா முதல் தடவையாக அவருக்கு மைக் போட்டார். அன்று அவர் செய்த ஒரே வேலை ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டியதுதான். மற்ற பாடகர்களுக்கு எக்கோ போட வேண்டும், பாஸைக் குறைக்க வேண்டும், சிலருக்கு வயலினைத் தூக்கிக் குரலை மறைக்க வேண்டும். கனகசபைக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கன்னையா லோரியின் பின்பலகையில் உட்கார்ந்து, வேலையில்லாமல், மூன்று மணி நேரம் கேட்டார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம், கனகசபை கிள்ளானுக்கு வரும்போதெல்லாம் அவர்தான் மைக் போட்டார். இரண்டு பேரும் பேசிக்கொண்டது மொத்தமாக ஐந்து நிமிஷம் இருக்காது. ஆனால் கனகசபை மேல் ஸ்தாயிக்குப் போவதற்கு முன் எங்கே மூச்சு எடுப்பார் என்பது அவர் மனைவிக்குத் தெரியுமோ என்னவோ, கன்னையாவுக்குத் தெரியும்.

எண்பத்து நாலில் ஒரு தமிழ்ப் பத்திரிகை ஞாயிறு மலரில் கனகசபையைப் பேட்டி கண்டது. சங்கீதத்தைப் பற்றி முக்கால் பக்கம். கடைசியில் சமுதாயத்துக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்காமல் விட்டிருக்கலாம். தமிழ்ப்பள்ளிகளைப் படிப்படியாக மூடிவிடலாம் என்று அவர் சொன்னார். பிள்ளைகளை மலாய்ப் பள்ளிக்கு அனுப்புங்கள், தமிழை வீட்டிலும் கோயிலிலும் சொல்லிக்கொடுங்கள், ஆறு வருஷம் தனியாக வைத்துவிட்டு ஏழாம் வருஷம் மலாய் இடைநிலைப்பள்ளிக்குக் கொண்டுபோய் நடுக்கடலில் தள்ளாதீர்கள் என்றார்.

மூன்று வாரம் ஆசிரியருக்குக் கடிதங்கள் வந்தன. இவ்வளவு சுத்தமான தமிழில் பாடுகிறவர் இப்படிச் சொல்லலாமா என்று பாதிப் பேர் கேட்டார்கள். இவ்வளவு சுத்தமாகப் பாடியதெல்லாம் நடிப்பா என்று மீதிப் பேர் கேட்டார்கள். கன்னையாவின் பக்கத்து வீட்டுக்காரர் தம்மிடம் இருந்த கனகசபை கேசட்டின் மேல் பந்து விளையாட்டு வர்ணனையைப் பதிவு செய்துகொண்டார். கேசட்டை வீணாக்க வேண்டாமே என்றார்.

கன்னையா அந்தப் பேட்டியை இரண்டு தடவை படித்தார். கோபம் வந்தது. அந்த ஆறு வருஷத்தைத் தவிர அவருக்கு வேறு படிப்பு இல்லை.

அடுத்த மாதம் கிள்ளானில் கோயில் திருவிழா. ஆறாம் நாள் கனகசபை கச்சேரி என்று நோட்டீஸ் ஏற்கனவே அடித்துக் கொடுத்தாயிற்று. கோயில் கமிட்டிச் செயலாளர் ராதாகிருஷ்ணன் துறைமுகத்தில் கிளார்க். கச்சேரியை ரத்து செய்யலாமா என்று நாலு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் கன்னையாவின் வீட்டுக்கு வந்தார்.

"கச்சேரி நடக்கட்டும்ணே. நோட்டீஸ் குடுத்தாச்சு. பாடட்டும், நாங்க ஒண்ணும் சொல்லல. ஆனா பேசக்கூடாது. பேச ஆரம்பிச்சார்னா மைக்க கட் பண்ணிடுங்க."

"விருத்தம் பாடுறப்ப பேசுற மாதிரிதான் ஆரம்பிப்பாரு. எனக்கு எப்படித் தெரியும், பேசுறாரா பாடுறாரான்னு?"

"உங்களுக்குத் தெரியாதா, என்னண்ணே."

கன்னையாவுக்குத் தெரியும். கனகசபை பாடும்போது நோட்டைப் பார்க்கக் கண்ணாடி போட்டுக்கொள்வார். பேசப் போகிறார் என்றால் அதைக் கழற்றிவிடுவார்.

"சரி" என்றார். அந்த நேரத்தில் அது ஒரு பெரிய விஷயமாக அவருக்குத் தோன்றவில்லை. பாட்டுக்கு மைக் உண்டு, பேச்சுக்கு இல்லை. பல கூட்டங்களில் தாமே அப்படிச் செய்தால் என்ன என்று நினைத்தவர்தான்.

கச்சேரி சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்கியது. கூட்டம் குறையவில்லை. கோபமாக இருந்தவர்களும் வந்திருந்தார்கள். கோபத்தை வீட்டில் உட்கார்ந்து காட்ட முடியாது. நாலு பாட்டு ஆயிற்று. நாலாவது பாட்டு முடிந்ததும் கனகசபை கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கன்னையா வால்யூமைக் கீழே இறக்கினார்.

மேடையில் கனகசபையின் உதடு அசைந்தது. திடலின் கோடியில் லோரி பக்கம் இருந்த கன்னையாவுக்கு ஜெனரேட்டர் ஓடும் சத்தம்தான் கேட்டது. முன்வரிசைக்காரர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஓர் அம்மாள் தலையாட்டினாள். ஒருவர் எழுந்து வெளியே போனார். இரண்டு பேர் சிரித்தார்கள். பின்வரிசைக்காரர்கள் எல்லாரும் திரும்பி லோரியைப் பார்த்தார்கள். கன்னையா ஒரு கம்பியைச் சரிசெய்வது போல் குனிந்தார். தம்புசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாலு நிமிஷம் மாமா" என்றான். கனகசபை கண்ணாடியைப் போட்டார். கன்னையா வால்யூமை ஏற்றினார்.

மிச்சக் கச்சேரியில் ஒரு குறையும் இல்லை. முடிந்ததும் கனகசபை காரில் ஏறிப் போனார். லோரி பக்கம் பார்க்கவில்லை. அவர் எப்போதும் பார்க்கிறவரும் இல்லை.

மறுநாளிலிருந்து பேச்சு கிளம்பியது. கனகசபை மன்னிப்புக் கேட்டார் என்றார் பூக்கடைக்காரர். மன்னிப்பா, முன்னைவிட மோசமாகப் பேசினார் என்றார் முடிதிருத்துகிறவர். ஒருவர் முன்வரிசையிலேயே இருந்தவர்; அவர் தமக்கு ஒரு காது மந்தம், அந்தக் காதுதான் மேடைப் பக்கம் இருந்தது என்றார். கமிட்டி திருப்தியாக இருந்தது. அதற்குப் பிறகு கிள்ளானில் யாரும் கனகசபையைக் கூப்பிடவில்லை.

கன்னையாவுக்கு வேறு ஒரு தொல்லை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டுக்கு முன், கனகசபை கேசட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவது அவர் வழக்கம். இப்போதும் போட்டார். பேட்டியில் சொன்னதை நினைத்துப் பாட்டு கசக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பாட்டு கசக்கவில்லை. ஆனால் ஒரு பாட்டு முடியப் போகிறது என்று தெரிந்தால் வலது கை தன்னால் ரேடியோவின் பக்கம் போனது. அடுத்து என்ன வருமோ என்று காத்திருந்தார். கேசட்டில் அடுத்து வருவது அடுத்த பாட்டுதான், அது அவருக்கும் தெரியும். இருந்தும் கை போனது. பாட்டின் முடிவுக்காகக் காத்திருந்ததில் பாட்டு காதில் விழவில்லை.

சீதாலெட்சுமி நாலு வாரம் பார்த்தாள். ஐந்தாம் வாரம் கேட்டாள்: "பாட்டு கேக்குறீங்களா, இல்ல காவல் காக்குறீங்களா?"

"கேக்குறேன்."

"அப்ப கைய மடியில வச்சிக் கேளுங்க."

கையை மடியில் வைத்துப் பார்த்தார். அப்போது தோள் இழுத்தது.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை காலை கன்னையா சட்டை மாற்றிக்கொண்டு கோலாலம்பூர் பஸ் ஏறினார். தம்புசாமியிடம், ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு சாமான் வாங்கப் போவதாகச் சொன்னார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் கனகசபையின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கதவைத் திறந்தது அவர் மனைவி மீனலோசனி. யார் என்று கேட்டாள். கிள்ளானில் மைக் போடுகிறவர் என்றார் கன்னையா. அவள் கதவை முழுவதும் திறந்தாள்.

"வாங்கோ, இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றாள். பிறகு உள்ளே பார்த்து, சாதாரணமான குரலில், "இஞ்ச பாருங்கோ, மைக்கை நிப்பாட்டினவர் வந்திருக்கிறார்" என்றாள்.

கனகசபை கைலியும் பனியனுமாக வந்து எதிரில் உட்கார்ந்தார். வீட்டில் அவரும் எல்லாரையும் போலத்தான் இருந்தார். கன்னையா பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த முகவுரை எல்லாம் மறந்துபோனது.

"சார், அன்னிக்கு என்ன சொன்னீங்க?"

"அண்டைக்கோ? மைக் வேலை செய்யேல்லை எண்டு சொன்னனான்."

"நாலு நிமிஷமுமா?"

"முதல் ரெண்டு நிமிஷம். பிறகு விளங்கிற்றுது."

"மிச்ச ரெண்டு நிமிஷம்?"

கனகசபை தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். "அதை நான் ஏன் சொல்லவேணும்? அது கேக்க வேண்டாமெண்டு முடிவெடுத்தது நீங்கள். நான் இல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுப்பதைப் போலச் சொன்னார். கமிட்டி சொன்னது, நான் செய்தேன் என்று கன்னையா சொல்லியிருக்கலாம். ஆனால் வால்யூமில் இருந்தது கமிட்டியின் கை இல்லை.

"நான் செஞ்சது தப்பு சார்" என்றார். பிறகு, அதோடு விட்டுவிட்டால் பாதிதான் சொன்னதாகும் என்று பட்டது. "நீங்க பேப்பர்ல சொன்னதும் தப்புதான்."

"ஏன் பிழை?"

"நான் ஆறாம் வகுப்பு சார். தோட்டத்து ஸ்கூல். அந்த ஸ்கூல் இல்லேன்னா நீங்க பேப்பர்ல சொன்னத படிச்சிருக்கவே மாட்டேன். யாராவது படிச்சிச் சொல்லித்தான் கோவப்பட்டிருக்கணும்."

கனகசபை இதை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்பது கன்னையாவுக்குத் தெரிந்தது. மேல் ஸ்தாயிக்கு முன் எடுக்கும் மூச்சை எடுத்தார்.

"உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?"

"ரெண்டு பேரு."

"பெரியவர் எங்க படிக்கிறார்?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு ரயில் போனது. அது முழுவதும் போகும் வரை கன்னையா காத்திருந்தார்.

"மலாய் ஸ்கூல்" என்றார். "அது பக்கத்துலயே இருக்கு. தமிழ் ஸ்கூலுக்குப் போர்ட் ரோட்டத் தாண்டணும். கன்டெய்னர் லோரி ஓடுது."

கனகசபை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கன்னையாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நான் சொன்னனான். நீங்கள் செய்திருக்கிறீங்கள்" என்றார். "நான் சொன்னதுக்கு என்னை மூண்டு கிழமை பேப்பரில திட்டிச்சினம். உங்களை ஆரும் திட்டேல்லை."

மீனலோசனி தட்டில் பிஸ்கட் கொண்டுவந்து வைத்தாள். கன்னையா ஒன்றை எடுத்தார். எடுக்காவிட்டால் தவறாக நினைப்பார்களோ என்று இரண்டாவதையும் எடுத்தார். பிறகு கிளம்பினார்.

திரும்பும் பஸ்ஸில் அவருக்குப் பயங்கரக் கோபம். பெட்டாலிங் ஜெயா தாண்டியும் தணியவில்லை. சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. என் மகன் வேறு, எல்லாப் பள்ளியையும் மூடுவது வேறு. நான் லோரிக்குப் பயந்தேன், நீங்கள் தமிழ்ப்பள்ளி வேண்டாமென்கிறீர்கள். பதில்கள் நன்றாகத்தான் இருந்தன. கேட்பதற்கு ஆள்தான் பஸ்ஸில் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோபம் மிச்சம் இருக்கும்போதே கேசட்டைப் போட்டார். முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மூன்றாவது பாட்டில் சீதாலெட்சுமி வந்து, "என்ன, கை ரெண்டும் சும்மா இருக்கு?" என்றபோதுதான் அவருக்கே தெரிந்தது. அந்த ஆளோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டே அந்த ஆளின் பாட்டைக் கேட்க முடிந்தது. இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவில்லை. ஏன் என்று அவர் ஆராயவில்லை. பசித்தது, சாப்பிடப் போனார்.

மகன் ஜெயராஜ் அப்போது நாலாம் வகுப்பை முடித்திருந்தான். அவனை மாற்ற முடியாது. மகள் தங்கமணிக்கு அடுத்த வருஷம் பள்ளிக்கூடம். அவளைத் தமிழ்ப்பள்ளியில் போடுவதென்று கன்னையா முடிவு செய்தார்.

"லோரி ஓடுதுன்னீங்க?" என்றாள் சீதாலெட்சுமி.

"நான் மோட்டார்ல கொண்டுபோய் விடுறேன்."

"ஆறு வருஷமுமா?"

"ஆறு வருஷமும்."

"அந்தப் பாடுற ஆளுக்குப் பதில் சொல்லவா?"

கன்னையா எழுந்து மோட்டார்சைக்கிளின் பிரேக்கைப் பார்க்கப் போனார். ஆறு வருஷமும் கொண்டுபோய் விட்டார். மழைக்காலத்தில் இரண்டு பேரும் ஒரே பிளாஸ்டிக் கோட்டுக்குள் போவார்கள். அவள் நன்றாகப் படித்தாள். வகுப்புக் கூரைதான் ஒழுகியது.

தொண்ணூற்று ஒன்றில் பள்ளிக்குப் புதிய கட்டடம் எழுப்பப் பெற்றோர் சங்கம் தீர்மானித்தது. சங்கத்தின் தலைவர் இப்போது ராதாகிருஷ்ணன். நிதிக்கு ஒரு கச்சேரி வைக்கலாம் என்றார்கள். யாரை வைத்தால் டிக்கெட் விற்கும் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்த ஒரு மணி நேரமும் எல்லார் மனதிலும் இருந்தது ஒரே பெயர். கடைசியில் ராதாகிருஷ்ணன் கன்னையாவைப் பார்த்தார்.

"நீங்க கேட்டா வருவாராண்ணே?"

"நான் ஏன் கேக்கணும்?"

"உங்களுக்குத்தானே பழக்கம்."

கன்னையா பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டார். தமிழ்ப்பள்ளிக் கட்டடத்துக்கு என்றார். மறுமுனையில் நெடுநேரம் சத்தம் இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து இன்னொரு காசு போட்டார்.

"காசு வேண்டாம், சும்மா பாடுறன்" என்றார் கனகசபை. "ஆனா பேசுவன். மைக் நிக்கக் கூடாது."

"நிக்காது சார்."

"கமிட்டி நிப்பாட்டச் சொன்னா?"

"நிக்காது சார்."

பெற்றோர் சங்கம் இதற்கு மூன்று கூட்டம் போட்டது. மூன்றாவது கூட்டத்தில், அவர் பேசட்டும், நாம் பதில் பேசலாம் என்று முடிவாயிற்று.

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, ஒரு சீனச் சங்க மண்டபத்தில். ஐந்து மணிக்குக் காலி செய்ய வேண்டும். சாயங்காலம் அங்கே ஒரு கல்யாண விருந்து. மண்டபம் நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். கனகசபைக்கு முடி முழுவதும் நரைத்திருந்தது. கன்னையா இந்தத் தடவை மேடைக்குப் பக்கத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்தார்.

ஏழு பாட்டுக்குப் பிறகு கனகசபை கண்ணாடியைக் கழற்றினார். மண்டபம் முழுவதும் கன்னையாவைப் பார்த்தது. கன்னையா இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"ஏழு வருஷத்துக்கு முன்னால நான் சொன்னதை இப்பவும் சொல்லுறன்" என்று கனகசபை ஆரம்பித்தார். பதினோரு நிமிஷம் பேசினார். ஒரு வரியும் மாறவில்லை. யாரோ பின்னாலிருந்து ஊளையிட்டார்கள். நடுவில் முப்பது, நாற்பது பேர் தண்ணீர் குடிக்க வெளியே போனார்கள். கடைசியில், "ஆனா பிள்ளையள் உள்ளுக்கு இருக்கேக்க கூரை ஒழுகக் கூடாது. அதுக்குத்தான் வந்தனான்" என்று கண்ணாடியைப் போட்டார். வெளியே போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

கன்னையா பதினோரு நிமிஷமும் கேட்டார். மேடைப் பேச்சு ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒப்புக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஓர் இடத்தில் தலையாட்டிவிட்டு, ஏன் ஆட்டினோம் என்று தம்மையே கேட்டுக்கொண்டார்.

இன்னும் மூன்று பாட்டு ஆனதும் ராதாகிருஷ்ணன் பதில் சொல்ல மேடை ஏறினார். அவர் பத்தொன்பது நிமிஷம் பேசினார். பிறகு பெற்றோரில் ஒருவர் நன்றி சொல்ல வந்து, அவரும் பதில் சொன்னார். யாருக்கும் மைக் நிற்கவில்லை.

நாலே முக்காலுக்கு மண்டபத்து ஆட்கள் வட்ட மேசைகளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர்களுடைய மேலாளர் கன்னையாவிடம் கைக்கடிகாரத்தைக் காட்டி, "பாஸ், சாமான் எடுக்கணும் லா" என்றார். அவர் ஒரு சீனர். கிள்ளானில் பிறந்தவர், தமிழ் நன்றாகப் பேசினார். தம்புசாமி ஒயர்களைச் சுற்ற ஆரம்பித்தான். ஆனால் எல்லாரும் காத்திருந்த மயில் பாட்டை இன்னும் பாடவில்லை. கனகசபை எந்தக் கச்சேரியையும் அதில்தான் முடிப்பார். ஜனங்கள் எழுந்திருக்கவில்லை.

கனகசபை கன்னையாவைப் பார்த்தார். கன்னையா பிடுங்கிய ஒயரைத் தூக்கிக் காட்டினார். கனகசபை தலையாட்டிவிட்டு, மேடை ஓரத்துக்கு வந்து உட்கார்ந்து, மைக் இல்லாமல் பாட ஆரம்பித்தார். பின்வரிசைக்காரர்கள் நாற்காலியை விட்டு முன்னால் வந்து நின்றார்கள். மேசை உருட்டியவர்கள் நிறுத்தவில்லை. கொஞ்சம் மெதுவாக உருட்டினார்கள்.

பதினெட்டு வருஷத்தில் கன்னையா அந்தக் குரல் பாடி, ஒலிபெருக்கி இல்லாமல் கேட்டதே இல்லை. அது சின்னக் குரல். நடுவே ஒரு தடவை இருமல் வந்தது, இருமிவிட்டுத் தொடர்ந்தது. கையில் ஒயர்ச் சுருளோடு அவர் நின்றார். பாட்டு முடிந்தபோது சுற்றிலும் பன்னிரண்டு மேசைகளுக்குச் சிவப்புத் துணி விரித்தாயிற்று.

லோரி கிள்ளான் பாலத்துக்குப் பக்கம் வந்தபோது தம்புசாமி கேட்டான்: "எப்படி இருந்துச்சு மாமா?"

"எது?"

"அவர் பேசினது."

"தப்பு" என்றார் கன்னையா. கொஞ்ச தூரம் போனதும், "ஆனா சரியா கேட்டுச்சு" என்றார்.